வாயை மூடிக்கொண்டு ஓடுங்கள்: அஜிலிட்டியில் நாயோடு பக்கம் மாறுவது எப்படி

எங்கள் வீட்டு நாயின் பெயர் சுக்கு. காய்ந்த சுக்கின் நிறம், அதனால் அந்தப் பெயர். சுங்கான்கடைப் பக்கம் ரோட்டோரத்தில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய், இப்போது மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் அவளும் ஒரு தென்னவிளைக்கு, அதாவது தென்னந்தோப்புக்குப் போகிறோம். எங்களைப் போல இன்னும் ஐந்தாறு பேர் அவரவர் நாயோடு வருவார்கள். ஒரு சிப்பிப்பாறை, இரண்டு லாப்ரடார், ஒரு பொமரேனியன், மற்றவை சுக்கின் சாதிசனம். சொல்லிக்கொடுக்கிற அண்ணன் பணி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். அவர் ஓடுவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நம் தவறு முழுவதையும் பார்த்துவிடுவார்.

அங்கே நாங்கள் செய்வதற்கு அஜிலிட்டி என்று பெயர். நாய் தடைகளைத் தாண்டியும், சுரங்கத்துக்குள் நுழைந்தும், கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்தும் ஒரு வரிசைப்படி ஓட வேண்டும். கூடவே நாமும் ஓட வேண்டும். 1978-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தைக் கலையவிடாமல் வைத்திருக்கப் போட்ட ஒரு வேடிக்கைதான் இதன் தொடக்கம். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, அதையே நாய்க்குச் சிறிதாக்கினார்கள். ஆனால் குதிரையின் மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறார், கையில் கடிவாளம் இருக்கிறது. நாய்க்கு அது கிடையாது. இந்தக் கட்டுரையின் விஷயமே அந்த இல்லாத கடிவாளம்தான்.

போட்டியில் சங்கிலி கூடாது. கையில் தின்பண்டம், பந்து எதுவும் கூடாது. நாயைத் தொடக்கூடாது, தடைகளையும் தொடக்கூடாது. ஓடும் வரிசையை நடுவர் எண் பலகை வைத்துக் காட்டியிருப்பார். போட்டிக்கு முன்னால் ஆட்கள் மட்டும் உள்ளே போய் அந்த வரிசையை நடந்து பார்த்துக்கொள்ளலாம், நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. நாய்க்கு எண்ணும் வாசிக்கத் தெரியாது. ஆக, அடுத்தது எந்தத் தடை என்று தெரிந்தவர் நீங்கள். உங்களைவிட வெகு வேகமாக ஓடுகிற ஒருவருக்கு, தொடாமல், ஓடிக்கொண்டே, அந்தச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஒரு தடையை ஒட்டிப்போய்த் தாண்டாமல் விலகினால் 5 புள்ளி போகும். தவறான தடையைத் தாண்டிவிட்டால் ஓட்டமே செல்லாது.

இந்தச் செய்தி சொல்லும் முறைக்குத்தான் ஹேண்ட்லிங் என்று பெயர். இதைத் தமிழ்ப்படுத்தி நாயையும் குழப்ப வேண்டாம், நம்மையும் குழப்ப வேண்டாம் என்று விளையில் எல்லோரும் ஹேண்ட்லிங் என்றே சொல்கிறோம்.

முதல் மாதம் நான் செய்தது ஹேண்ட்லிங் அல்ல, கூச்சல். "சுக்கு, இங்க! இங்க! அது இல்ல, இது!" என்று தொண்டை கட்டும்வரை கத்துவேன். அவள் நேராக வேறொரு தடையைத் தாண்டிவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து வாலை ஆட்டுவாள். ஒருநாள் அவளை ஏசிக்கொண்டிருந்தேன். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"மக்கா, எதுக்கு அதைப் போட்டு ஏசுதே? அது நீ காட்டின பக்கம்தான் போச்சு."

"நான் இந்தப் பக்கம்தானே அண்ணே கைகாட்டினேன்?"

"கை இங்க காட்டிச்சு. கால் எங்க காட்டிச்சு? கீழ பாரு."

பார்த்தேன். என் வலது கால் விரல்கள் தப்பான தடையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அடுத்த தடவை வாயை மூடிக்கிட்டு ஓடுடே. அப்பத் தெரியும், உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு."

ஓடினேன். வாயைத் திறக்காமல் ஓடியபோது சுக்கு நான்கு தடையில் மூன்றைச் சரியாகத் தாண்டினாள். கத்தியபோது ஒன்றரைதான்.

நாய் எதைப் படிக்கிறது

நாஞ்சில் நாட்டில் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள், ஆள் ஒருவர் அல்லது இருவர். அவர் வரப்பில் நாலு எட்டு இந்தப் பக்கம் வைத்தால் கூட்டம் அந்தப் பக்கம் சாயும். நின்றால் கூட்டமும் மெதுவாகும். கம்பு கையில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் வேலை செய்வது அவர் நிற்கும் இடம். நாயோடு ஓடுவதும் ஏறக்குறைய இதுதான். ஒரே வித்தியாசம், வாத்து நம்மை விட்டு விலகிப் போகும், நாய் நம் பக்கமாக வர ஆசைப்படும்.

ஓடும் நாய் முதலில் படிப்பது நம் ஓட்டத்தை. நாம் வேகமெடுத்தால் நேராக, நீளமாகத் தாண்டு என்று அர்த்தம். வேகம் குறைந்தால் திருப்பம் வருகிறது, உடம்பைச் சுருக்கிக்கொள் என்று அர்த்தம். அடுத்தது கால்விரலும் தோளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பது. கை அதற்கும் பிறகுதான். வாய்ச்சொல் கடைசி. பழகப் பழகச் சொல்லுக்கும் மதிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் சொல்லும் உடம்பும் வேறு வேறு செய்தி சொன்னால் பெரும்பாலான நாய்கள் உடம்பைத்தான் நம்பும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்றவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆசான் முதலில் கையில் கம்பைக் கொடுத்திருக்க மாட்டார், சுவடு வைக்க, அதாவது காலை எங்கே எப்படி வைப்பது என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார். இங்கேயும் அதே கதை.

சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தடையைச் சுற்றி வருவதற்கு நான் 'சுத்து' என்று ஒரு சொல்லை வைத்திருந்தேன். சுரங்கத்துக்குச் 'சுரங்கம்'. நாயின் பெயரோ சுக்கு. நான் எதைச் சொன்னாலும் அவள் பாதி வழியில் நின்று, 'கூப்பிட்டாயா?' என்பது போல என்னைத் திரும்பிப் பார்ப்பாள். மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. இப்போது 'வளை', 'பொந்து' என்று மாற்றிவிட்டேன். சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் எழுத்தே வேறுபட்டு ஒலிக்கட்டும்.

ஏன் பக்கம் மாற வேண்டும்

நாயை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டே முழுதும் ஓடிவிட முடியாதா என்று எல்லாத் தொடக்கக்காரர்களும் கேட்பார்கள். நானும் கேட்டேன். நாய் உங்கள் இடப்பக்கம் ஓடுகிறது என்று வையுங்கள். பாதை வலப்புறம் வளைந்தால் கவலையில்லை, வளைவின் உள்பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குக் குறைந்த தூரம், நாய்க்குக் கூடுதல் தூரம். அதுதான் நியாயமும்கூட, அதற்கு நான்கு கால்கள். ஆனால் அடுத்து பாதை இடப்புறம் வளைந்தால்? இப்போது வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டவர் நீங்கள். நாய் சின்ன வட்டம் போட, நீங்கள் பெரிய வட்டம் போட வேண்டும். இரண்டே தடையில் நாய் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். போனபிறகு அது எந்தத் தடையைத் தாண்டும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அதனால் வளைவு மாறும்போதெல்லாம் நாயின் மறுபக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இப்படிப் பக்கம் மாறுவதைக் கிராஸ் என்கிறார்கள். நாய்க்கு முன்னால், அதைப் பார்த்துக்கொண்டே மாறினால் பிரண்ட் கிராஸ். நாய்க்குப் பின்னால் மாறினால் ரியர் கிராஸ். முன்னால்தான், ஆனால் முதுகைக் காட்டியபடி மாறினால் பிளைண்ட் கிராஸ். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர தொடக்கக்காரருக்கு இந்த மூன்று போதும். மூன்றிலும் பிரண்ட் கிராஸை உருப்படியாகக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரண்ட் கிராஸ்

தடையே வேண்டாம், முற்றம் போதும். நாய் உங்கள் இடப்பக்கம். இருவரும் நேராக நடக்கிறீர்கள். பத்து எட்டு நடந்ததும் வேகத்தைக் குறையுங்கள். இப்போது நாய் இருக்கும் பக்கமாகவே, அதாவது உங்கள் இடப்புறமாகவே திரும்புங்கள். நாய்க்கு முதுகைக் காட்டக்கூடாது. திரும்பும் வழியில் ஒரு கணம் நீங்களும் நாயும் நேருக்கு நேர் பார்ப்பீர்கள். அங்கேயே நின்றுவிடாமல் மீதியையும் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நடங்கள். நாயும் உங்கள் பக்கமாகத் திரும்பிக் கூடவே வரும். இப்போது அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான், இதுதான் பிரண்ட் கிராஸ்.

கவனித்தால் தெரியும், நீங்கள் இடப்புறமாகத் திரும்பினீர்கள், நாய் வலப்புறமாகத் திரும்பியது. ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிராகச் சுழல்வது போல. உங்கள் சக்கரம் பாதியில் நின்றால் நாயின் சக்கரமும் நின்றுவிடும். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தப்பு அதுதான். நேருக்கு நேர் வந்ததும் நின்று, குனிந்து, "வா வா வா" என்று கைதட்டுவோம். நாய் நம் மடிக்கு நேராக வந்து உட்காரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது கிராஸ் இல்லை.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கைதான் பேசும் கை. இடப்பக்கம் இருக்கும்போது இடது கை கீழே, நாயின் மூக்கு உயரத்தில் இருக்கும். திரும்பும்போது அந்தக் கையை எடுத்துவிட்டு வலது கையைக் காட்ட வேண்டும். இடது கையால் அனுப்பி, வலது கையால் வாங்குவது. நான் இரண்டு கையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன். "ஊர்ச் சந்திப்புல டிராஃபிக் போலீசு மாதிரி நிக்கியே" என்றார் அண்ணன். அதன்பிறகு ஒரு வாரம் வலது கையில் மட்டும் தீனியை வைத்துக்கொண்டு, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுப் பழகினேன். திரும்பி முடித்தபிறகு, தொடையை ஒட்டி, நாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில்தான் தீனி. வயிற்றுக்கு நேராக நீட்டினால் நாய் குறுக்கே வந்து நின்று பழகிவிடும். தீனி எங்கே கிடைத்ததோ அந்த இடத்தைத்தான் நாய் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

தீனி என்றால் சுண்டுவிரல் நகமளவு துண்டுதான். வேகவைத்த கோழி நல்லது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். உப்புப் போடாமல் அவித்த நெத்தோலிக்கு சுக்கு உயிரையே விடுவாள். என்ன, அன்று முழுவதும் என் கால்சட்டைப் பையை முகர்ந்தபடி வீட்டுப் பூனையும் கூடவே வரும்.

நடையில் சரியாக வந்தபிறகு ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நாய் இடப்பக்கம், நீங்கள் வாளிக்குச் சற்று வலப்புறமாக விலகி நில்லுங்கள், நாய் திரும்பி வர இடம் வேண்டுமே. இடது கையால் அனுப்புங்கள். நாய் வாளியைச் சுற்றி உங்கள் பக்கமாக வரும்போது நீங்கள் திரும்பி முடித்து, எதிர்ப்புறம் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். தாண்டுதல் இல்லாததால் நாயின் மூட்டுக்குச் சிரமமில்லை, எத்தனை தடவை தப்பினாலும் பரவாயில்லை. அதற்கு அப்புறம்தான் வாளி இருந்த இடத்தில் தடை.

எப்போது திரும்புவது

எப்படி என்பதைவிட எப்போது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். நாய் தாண்டிக் கீழே இறங்கியபிறகு திரும்பினால் காலம் கடந்துவிட்டது. எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று நாய் முடிவு செய்வது தரையை உதைத்து எழும்பும்போதே. காற்றில் இருக்கும்போது அதனால் பாதையை மாற்ற முடியாது. உங்கள் செய்தி தாமதமாக வந்தால் ஒன்று, அது நேராகப் போய் இறங்கி, நாலு மீட்டர் அகலமாக வளைந்து வரும். அல்லது காற்றிலேயே உடம்பை முறுக்கும், பின்னங்கால் பட்டுத் தடையின் குறுக்குக் கம்பு விழும். கம்பு விழுந்ததற்கு நாயைக் குறை சொல்வார்கள். பல நேரம் அது நாம் தாமதமாகச் சொன்னதற்கான ரசீது.

நாகர்கோவிலில் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். வளைந்து முடித்தபிறகு இன்டிகேட்டர் போட்டு யாருக்கு என்ன பயன்? வளைவுக்கு முன்னாலேயே போட்டால்தான் பின்னால் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான். நாய்க்கு நம் தோள்தான் இன்டிகேட்டர்.

ஆனால் ரொம்பவும் முன்னாலேயே திரும்பிவிட்டால் வேறொரு சிக்கல். நாய் தடையை விட்டுவிட்டு நேராக நம்மிடம் வந்துவிடும். அப்போ எந்த நொடி? நாயின் முகத்தைப் பாருங்கள். தடையை நோக்கி வரும் நாய் முதலில் நம்மை ஒரு பார்வை பார்க்கும், பிறகு பார்வை தடைக்குப் போகும், தலை லேசாகத் தாழும், எட்டு மாறும். இனி அது தாண்டத்தான் போகிறது. அந்த நொடியில் தொடங்க வேண்டும், அது எழும்புவதற்குள் நம் தோள் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்க வேண்டும். இந்த நொடி நாய்க்கு நாய் மாறும். சுக்கு தடைக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே முடிவு செய்துவிடுவாள். அந்தச் சிப்பிப்பாறை அதைவிடத் தூரத்திலிருந்தே. பொமரேனியன் கடைசி நொடிவரை எஜமானியின் முகத்தைப் பார்த்தபடிதான் வரும். அதனால் இன்னொருவரின் நாயைப் பார்த்து உங்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ள முடியாது. உங்கள் நாயை யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நான் சரியான நேரத்தில் திரும்புவதாக மனதார நம்பிக்கொண்டிருந்தேன். வீடியோவில் சுக்கு இறங்கி, ஒரு எட்டும் வைத்தபிறகுதான் என் தோள் அசைந்தது.

பின்னால் போவதும் முதுகைக் காட்டுவதும்

பிரண்ட் கிராஸ் போட நாய்க்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும். நாற்பது வயதுக்கு மேல், காலை ஏழு மணிக்கு, எல்லா நேரமும் அது நடக்காது. நாய் முந்திவிட்டால் ரியர் கிராஸ். நாய் இடப்பக்கம், உங்களுக்குக் கொஞ்சம் முன்னால், தடையை நோக்கிப் போகிறது. நீங்கள் அதன் வாலுக்குப் பின்னால் வலமிருந்து இடமாகக் கடக்கிறீர்கள். நாய் தாண்டி இடப்புறமாகத் திரும்புகிறது. இப்போது அது உங்கள் வலப்பக்கம். பிரண்ட் கிராஸில் நாய் நம் பக்கமாகத் திரும்பியது, இதில் நாம் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. நாய்க்கு இது கொஞ்சம் விசித்திரம், ஏனென்றால் பின்னால் நடப்பதை வைத்து முன்னால் திரும்ப வேண்டும். தடையை நோக்கித் தனியாகப் போகத் துணிச்சல் இல்லாத நாயிடம் இதை முயலவே வேண்டாம். முதலில் நாம் பின்தங்கி நின்றாலும் தாண்டிப் போகப் பழக்குங்கள்.

நான் முதலில் செய்தபோது ஒவ்வொரு தடவையும் சுக்கு தடைக்கு முன்னால் சட்டென நின்று, தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்தாள். நான் சீக்கிரமாகவே அவள் வாலை ஒட்டிக் குறுக்கே வெட்டியிருந்தேன். பின்னால் யாரோ திடீரென்று பக்கம் மாறினால் நாமும் திரும்பித்தானே பார்ப்போம்? அவளை ஒரு உடல் நீளம் கூடுதலாக முன்னே போகவிட்டு, தடையை நோக்கிச் சாய்வாக ஓடியபடி கடந்தபோது சரியானது.

பிளைண்ட் கிராஸ் பார்க்க ரொம்ப அழகு, வேகமும் கூட. நாய்க்கு நன்றாக முன்னால் ஓடிக்கொண்டே அதன் பாதையைக் குறுக்காகக் கடந்து, இடது தோளுக்கு மேலாகப் பார்த்ததை விட்டுவிட்டு வலது தோளுக்கு மேலாகப் பார்ப்பீர்கள். திரும்பிச் சுழலும் வேலை இல்லாததால் ஓட்டம் தடைபடாது. ஆனால் அரை நொடி நாய் உங்கள் கண்ணில் இருக்காது. முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் நாய்க்கு இணையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் செய்தே பார்த்துவிட்டேன். பதினாறு கிலோ சுக்கு என் முழங்கால் மடிப்பில் வந்து மோத, தென்னைக்கு எடுத்த தடத்துக்குள் முகம் குப்புற விழுந்தேன். முந்தின நாள்தான் அதில் சாணி போட்டிருந்தார்கள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார், நாயின் காலைத் தடவிப் பார்த்து, "அவளுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

முதல் ஆறு மாதம் பிளைண்ட் கிராஸை நாயில்லாமல் மட்டும் பழகுங்கள் என்பது என் கட்சி. சிலர் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள், இளவட்டங்களுக்கு அது சரிப்படலாம்.

நம் ஊர் மண்ணில்

எங்கள் தடைகள் எல்லாம் ஒரு இஞ்ச் பிவிசி குழாயில் செய்தவை. குறுக்குக் கம்பு, நாய் பட்டதும் கீழே விழும்படி சும்மா தாங்கியில் வைத்ததாக இருக்க வேண்டும், கட்டக்கூடாது. சுரங்கம் குழந்தைகள் விளையாடும் துணிச் சுரங்கம், அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. வளைந்து போகும் கம்புகளுக்கு மட்டும் இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து மேலே குழாயைச் சொருகினோம். அதில் ஒரு விதி உண்டு: நீங்கள் எந்தப் பக்கம் ஓடினாலும், முதல் கம்பு நாயின் இடது தோளை ஒட்டி வரும்படிதான் அது நுழைய வேண்டும். போட்டியில் 12 கம்பு வரை இருக்கும். எங்களிடம் இருப்பது ஆறு. சுக்கு அதில் நாலாவதோடு வெளியே வந்துவிடுவாள். அது வேறு பாடம், இங்கே வேண்டாம்.

குட்டி நாய்களுக்குக் கம்பைத் தரையிலேயே வைத்துவிடுங்கள். எலும்பு முழுதாக வளர்ந்து முடிவதற்குள் உயரம் தாண்டினால் மூட்டு கெடலாம். நாய்களுக்கான பன்னாட்டு அமைப்பான எஃப்சிஐ விதிப்படி போட்டியில் இறங்கவே 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொன்ன எதற்கும் உயரம் தேவையில்லை. பக்கம் மாறுவது தரையில் நடக்கும் வேலை.

வெயில் நம் முக்கியமான எதிரி. நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நாக்கு அகன்று கரண்டி போலத் தொங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நாங்கள் ஏழரைக்கு மேல் ஓடுவதில்லை. ஒரு நாய்க்கு ஒரு முறை மூன்று நிமிடம், பிறகு நிழலில் ஓய்வு, தண்ணீர். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உள்ளவர்களுக்கு நிழலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பால் எடுக்கும் சிரட்டையும் கம்பியும் நாயின் கண் உயரத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். தென்னையடியில் ஓடுவதானால் தேங்காய் வெட்டின வாரமாகப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், போன மாசியில் சுரங்கத்தின் மேலேயே ஒன்று விழுந்தது. உள்ளே நல்லவேளை யாரும் இல்லை.

மழை இங்கே வருடத்தில் இரண்டு தடவை வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஈரப்புல்லில் திருப்பம் பழகக்கூடாது, நாய்க்கும் வழுக்கும், நமக்கும் வழுக்கும். அந்த வாரங்களில் நான் வீட்டு வராந்தாவில் நாயில்லாமல் பழகுகிறேன். இரண்டு முக்காலிகள்தான் தடை. கற்பனையில் சுக்கு இடப்பக்கம் ஓடிவருகிறாள். இதோ தடையைப் பார்க்கிறாள், தலை தாழ்கிறது, இப்போது திரும்பு, வலது கை, ஓடு. நிஜ சுக்கு வாசற்படியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுவாள்.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுச் சித்தி மதிலுக்கு அந்தப்புறம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாராம்: "பையனுக்கு என்னவாக்கும்? யாரையாவது காட்டினியளா?"